சந்திரிகாவின் இடது கை

"என்னா வேலை செய்றீங்க?" என்று யாராவது கேட்டால் "நடக்குறேன்" என்பாள் சந்திரிகா. கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பினாங்கின் ஜார்ஜ்டவுன் தெருக்களில் பதினோரு வருடம் கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். அதற்குத்தான் சம்பளம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. பெயர் எதற்கு, விடுங்கள். கைபேசி செய்கிற கம்பெனிகள் தங்கள் புது மாடலைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் அங்கே அனுப்பிவைக்கும். பழைய மாடலைவிடப் புதியது நன்றாக லைன் பிடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சிக்னல் என்று படித்தவர்கள் சொல்வதைப் பினாங்கில் நாங்கள் லைன் என்போம். கூடத்துக்குள் மெஷின் வைத்துப் பார்ப்பது ஒரு பக்கம். தெருவில் ஆள் வைத்துப் பார்ப்பது இன்னொரு பக்கம். அந்த ஆள்தான் சந்திரிகா.

அவளோடு ஹைருல் என்ற மலாய்க்காரப் பையன் நடப்பான். பையன் என்றால் முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் கையில் பழைய போன், இவள் கையில் புதுப் போன். இரண்டு பேரும் தோளோடு தோள் உரசாத குறையாகச் சேர்ந்து நடக்க வேண்டும். கொம்தார் கோபுரத்தில் ஆரம்பித்துச் சௌராஸ்டா சந்தை வழியாக, லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதைகளில் புகுந்து, படகுத்துறை வரைக்கும் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு மூன்று சுற்று. ஒவ்வொரு விநாடியும் இரண்டு போனும் தனக்கு எவ்வளவு லைன் வருகிறது என்று தானே எழுதிக்கொள்ளும். எல்லாம் மைனஸ் கணக்கு. மைனஸ் எண்பது என்றால் அருமை, நூறு என்றால் சுமார், நூற்றிருபது என்றால் பேச்சு அறுந்துவிடும்.

திரையில் தெரிகிற கோடுகளைச் சந்திரிகா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவள் குடியிருந்த கெலுகோர் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு நூர்ஜான் புதுப் போன் வாங்கிவிட்டு, "என்னாலா இது, பழசுல நாலு கோடு காட்டுச்சு, இதுல ரெண்டுதான் காட்டுது" என்று மூக்கால் அழுதாள். சந்திரிகா இரண்டையும் வாங்கி செட்டிங்ஸுக்குள் போய் எண்ணைக் காட்டினாள். பழசில் மைனஸ் நூற்றைந்து, புதுசில் நூற்றிரண்டு. "கோடு அவனவன் இஷ்டத்துக்குப் போடுறதுதான்க்கா. ஒரு கம்பெனி நாலு போடுவான், அதே லைனுக்கு இன்னொருத்தன் ரெண்டு போடுவான். புதுசுதான் நல்லா புடிக்குது, பயப்படாம வச்சுக்கோங்க." நூர்ஜான் நம்பவில்லை. போனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நான்கு கோடு காட்டுகிற ஒன்றை வாங்கி வந்தாள். ஊரே அப்படித்தான்.

சந்திரிகா புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவள். ஐந்தாம் பாரம் முடித்த கையோடு பிறையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து இருபத்து மூன்று வருடம் சாலிடர் வைத்தாள். ஒரு நாள் அந்தத் தொழிற்சாலை மூட்டை முடிச்சோடு வியட்நாமுக்குப் போய்விட்டது. நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஏஜெண்ட் ஒருவன் மூலமாக இந்த நடக்கிற வேலை கிடைத்தது. கம்பெனி ஆள் இல்லை, ஏஜெண்ட் ஆள். கழுத்தில் தொங்குகிற பாஸ் பச்சை. நிரந்தர ஆட்களுக்கு நீலம். அடுத்த வருடமும் வேலை உண்டா இல்லையா என்று வருடா வருடம் டிசம்பரில் ஒரு கடித உறை வரும். அதைப் பிரித்துப் பார்க்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

கணவன் திருநாவுக்கரசு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்த பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து வானொலி கேட்பான், சோறு வடிப்பான், மனைவி வந்ததும் "இன்னைக்கு எத்தன மைல்?" என்பான். ஒரே மகன் ஜொகூரில் கல்யாணம் கட்டிக்கொண்டு அவன் பாட்டுக்கு இருந்தான். ஆக, குடும்பம் ஓடியது இவள் காலில். ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. ஐம்பத்தைந்துக்கு மேல் ஏஜெண்ட் பேர் எழுத மாட்டான். நிரந்தரம் ஆகிவிட்டால் அறுபதுவரை கவலையில்லை, திருநாவுக்கரசின் கண்ணுக்கும் கம்பெனி மருத்துவ அட்டை உதவும். அந்த நீலப் பாஸ்தான் அவள் சாமியிடம் கேட்டதெல்லாம். தங்கம் கேட்டாளா, பங்களா கேட்டாளா?

மூன்று வருடத்துக்கு முன்னால் ரூபினி என்ற பெண் இன்ஜினியராக வந்து சேர்ந்தபோது சந்திரிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவளும் புக்கிட் மெர்தாஜாம்காரி. நம் பிள்ளை, இங்கிலீஷில் வெள்ளைக்காரனுக்கே பாடம் நடத்துகிறது என்று வீட்டில் வந்து பெருமை அடித்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் அவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிப் போனாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்றால் ரூபினிக்கு உயிர். மேனேஜர்கள் இருந்தால் முள்ளும் கரண்டியுமாகச் சாப்பிடுகிறவள், சந்திரிகாவோடு இருக்கும்போது மட்டும் கையால் பிசைந்து சாப்பிடுவாள். "அக்கா, உங்கள மாதிரி யாருக்கும் வராது" என்பாள். குழம்பைச் சொன்னாள். இவளோ தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள்.

விவகாரம் ஒரு புதன்கிழமை ஆரம்பித்தது.

அன்றைக்குச் சோதனைக்கு வந்தது ஒரு பெரிய கம்பெனியின் புது மாடல். ஓரமெல்லாம் உலோகம், கண்ணாடி முதுகு, எடுத்தால் வழுக்கும். பழைய மாடல் பிளாஸ்டிக் முதுகோடு செங்கல் கணக்காக இருந்தது. தெருவில் புதுசுதான் மூன்று நான்கு புள்ளி நன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தது. கடைசிச் சுற்றில் லிட்டில் இந்தியா பக்கம் மழை கொட்டிவிட்டது. சுற்று ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி கொம்தாரிலிருந்து நடக்க வேண்டும். மழைக்கு ஒதுங்கி நிற்கலாம், போன் கையிலேயே இருக்க வேண்டும், அதுதான் விதி. மணி மூன்று. காலையிலிருந்து பசியாறாத சந்திரிகாவுக்குக் கண் இருட்டியது. ஒதுங்கிய இடம் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை. கோழிக்குழம்பு வாசனை வேறு ஆளை இழுத்தது.

"காக், சாப்பிடுவோம். கையிலதான இருக்கணும்? இடது கையில இருக்கட்டும்" என்றான் ஹைருல் மலாயில். அவளைக் காக் என்றுதான் கூப்பிடுவான், அக்கா என்று அர்த்தம்.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வலது கை சோற்றில், இடது கையில் போன். கையால் சாப்பிடுகிற மனிதர்கள் சாப்பிடும்போது போனை எப்படிப் பிடிப்பார்கள் என்று நீங்களே ஒருமுறை பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் திரையை நகர்த்தத் தயாராக மேலே இருக்கும். மூன்று விரல் முதுகில். சுண்டுவிரல் மட்டும் அடியில் மடங்கி, போன் நழுவாமல் கீழ் மூலையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

நான்காவது கவளத்தில் சந்திரிகா திரையைப் பார்த்தாள். மைனஸ் நூற்றிரண்டு இருந்த இடத்தில் நூற்றிருபத்தொன்று. சுண்டுவிரலை எடுத்தாள், நூற்றிரண்டுக்குத் திரும்பியது. வைத்தாள், நூற்றிருபத்தொன்று. ஹைருலின் பழைய போனை எட்டிப் பார்த்தாள். அதே பிடி, அதே மேசை, நூற்றைந்திலிருந்து நூற்றேழுக்கு மட்டும் இறங்கியிருந்தது.

"ஹைருல், மாத்து."

"சாப்பிடுங்க காக், ஆறிடும்."

"மாத்துன்னு சொல்றேன்ல."

மாற்றினார்கள். இப்போது புதுப் போன் ஹைருல் கையில், அங்கேயும் விழுந்தது. மேசை மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். கடைக்காரரை அவர் போனிலிருந்து வீடியோ அழைப்பில் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள், திரையில் அவர் முகம் பாதி சிரிப்பில் உறைந்து நின்றது. ஐந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தபோது சோறு காய்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. பதினோரு வருடத்தில் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. படித்த இன்ஜினியர்கள் எல்லாம் விட்டுவிட்ட ஒன்றை அவள் பிடித்துவிட்டாள்.

சாயந்திரம் நனைந்த உடுப்போடு ரூபினியிடம் ஓடினாள். ரூபினி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, டெஸ்ட் பிளான்ல இந்தப் பிடியே இல்ல. காதுல வச்சா வலது கை, இடது கை. டைப் பண்ணா ரெண்டு கை. அவ்ளோதான்."

"நம்ம ஆளுங்க சாப்பிடுறப்ப இப்படித்தானேம்மா புடிப்பாங்க?"

"சாப்பிடுறப்ப யாருக்கா போன் பாக்குறா?"

வாய் கூசாமல் சொன்னாள். சந்திரிகாவின் குழம்பைப் பிசைந்து தின்னும்போதெல்லாம் அவள் இடது கையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம், பஞ்சாங்கமா?

மறுநாள் அந்தச் சுற்றின் கணக்கை 'நடந்தவர் தவறு' என்று எழுதித் தள்ளினார்கள். சோதனை நேரத்தில் உணவு உண்டதற்காகச் சந்திரிகாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். ஹைருலுக்கு இல்லை, அவன் நீலப் பாஸ். அவனே அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டான். "நானும்தான காக் சாப்பிட்டேன், போய்ச் சொல்றேன்" என்றான். "வேணாம், நீ சொல்லி எனக்கு நீலமாவா மாத்துவாங்க? ரெண்டு பேர் வயித்துலயும் எதுக்கு மண்ணு" என்று தடுத்துவிட்டாள்.

போன் கடைக்குப் போனது. ஐந்து மாதம் ஆவதற்குள் புகார் மூட்டை மூட்டையாக வந்தது. சென்னையிலிருந்து, கொழும்பிலிருந்து, டாக்காவிலிருந்து, மேடானிலிருந்து, நம் கோத்தா பாருவிலிருந்து. மதியம் ஒன்றரைக்கும் இரவு எட்டுக்கும் பேச்சு அறுகிறதாம். லண்டனிலிருந்து ஒரு புகார்கூட இல்லை. கம்பெனிக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அந்த நாடுகளின் கைபேசிக் கோபுரங்களைக் குறை சொன்னார்கள், வெயிலைக் குறை சொன்னார்கள்.

ஒரு நாள் காலையில் ரூபினி கையில் இரண்டு கோப்பி டம்ளரோடு சந்திரிகாவைத் தேடி வந்தாள். பதினோரு வருடத்தில் இன்ஜினியர் ஒருவர் அவளுக்குக் கோப்பி கலந்து கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அன்னைக்கு நாசி கண்டார் கடையில எப்படிப் புடிச்சீங்கன்னு எனக்குக் கொஞ்சம் காட்டுங்களேன்."

சந்திரிகா காட்டினாள். என்ன செய்வாள், கேட்டது ரூபினி ஆயிற்றே.

அடுத்த வாரம் சோதனைக்கூடத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்து இறங்கினார்கள். கூடத்தில் ஒரு அறை உண்டு. இரும்புக் கதவு. சுவர், கூரை எங்கும் நீல நிற ஸ்பாஞ்சு கூம்பு கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே இருக்கிற எந்த லைனும் உள்ளே வராது, மெஷின் கொடுக்கிற லைன் மட்டும்தான்; உள்ளே பேசுவது வெளியே கேட்காது. அதற்குள் சந்திரிகாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே சோறு கொண்டுபோகக் கூடாது, மெஷின் கெட்டுவிடும். ஆகவே மடியில் ஒரு காலிக் காகிதத் தட்டு. இடது கையில் போன்.

"சாப்பிடுங்கக்கா" என்றாள் ரூபினி வெளியிலிருந்து, அவள் காதில் மாட்டியிருந்த ஒயர்க் கருவி வழியாக.

காலித் தட்டில் கையை வைத்துப் பிசைந்து, இல்லாத கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனாள் சந்திரிகா. மேலே கேமரா. அந்தப் பக்கம் நான்கு ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் மெதுவாச் சாப்பிடச் சொல்றாங்க." மெதுவாகச் சாப்பிட்டாள். "இப்ப ரசம் ஊத்துனா எப்படிச் சாப்பிடுவீங்க, அப்படி." அப்படியும் சாப்பிட்டாள். ஒன்றரை மணி நேரம். கோயில் அன்னதானத்தில் நூறு பேர் நடுவில் சாப்பிட்டவள்தான், ஆனால் வெறும் தட்டை நக்குகிற பைத்தியம் மாதிரி உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் கூசிப்போனது. எண் மட்டும் ஒவ்வொரு தடவையும் நூற்றிருபதைத் தாண்டி விழுந்தது. வெளியே வந்தபோது நான்கு பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ரூபினிக்கு.

பிறகு அவள் கையை அச்சு எடுத்தார்கள். பல் மருத்துவர் வாய்க்குள் வைக்கிற மாதிரி இளஞ்சிவப்புப் பசை, ஒரு வாளி நிறைய. போன் அளவில் ஒரு கட்டையைப் பிடித்தபடி கையை அதற்குள் விட்டு அசையாமல் இருக்க வேண்டும். சந்திரிகாவின் இடது சுண்டுவிரல் பிறை தொழிற்சாலையில் ஒரு மெஷினில் நசுங்கி முதல் கணுவில் சற்று உள்பக்கம் வளைந்திருந்தது. அந்த வளைவினால்தான் போன் மூலையை அவள் விரல் அவ்வளவு சரியாக மூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே அவள் கைதான் வேண்டும், வேறு கை வேண்டாம். இங்கிலீஷில் ஆறு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

"இதுல என்னாம்மா எழுதியிருக்கு?"

"சும்மா ஃபார்மாலிட்டிக்கா. உங்க பெர்மனென்ட் விஷயமா எச்ஆர்கிட்டப் பேசிட்டேன். இந்த டிசம்பர்ல லெட்டர் வரும், பாருங்க."

அன்றிரவு திருநாவுக்கரசு பாயசம் வைத்தான். கண் சரியாகத் தெரியாமல் சேமியாவைக் கொஞ்சம் கருக்கிவிட்டான். இரண்டு பேரும் கருகல் வாசனையோடு அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்கள்.

நவம்பரில் எல்லா ஊழியர்களையும் பெரிய மண்டபத்தில் கூட்டினார்கள். மேடையில் ரூபினி, புதுச் சேலையில். பின்னால் பெரிய திரையில் ஒரு படம் வந்தது. மணிக்கட்டுக்கு மேலே வெட்டிவிட்ட ஒரு இடது கை, கையில் போன், அடியில் வளைந்த சுண்டுவிரல். 'ஆசிய உணவுப் பிடி' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கையால் சாப்பிடுகிற கோடிக்கணக்கான மக்களை உலகம் மறந்துவிட்டது என்று ரூபினி இங்கிலீஷில் உருக்கமாகப் பேசினாள். ஒரு நாள் தன் அம்மா வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தற்செயலாகத் தன் போனைக் கவனித்தாளாம். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்ததாம்.

ஹைருல் திரும்பிச் சந்திரிகாவைப் பார்த்தான். சந்திரிகாவின் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து நின்று, அது என் கை, அது என் குழம்பு, கண்டது நான் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"சொல்லுங்க காக். நான் சாட்சி" என்றான் ஹைருல் மெதுவாக.

"டிசம்பர் வரட்டும்டா" என்றாள்.

அவள் தப்பு அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கும்போது மானம் பார்க்கச் சொல்ல நமக்கென்ன யோக்கியதை? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து அவளும் கைதட்டினாள்.

டிசம்பரில் உறை வந்தது. வழக்கத்தைவிடத் தடியாக இருந்ததால் ஆசையாகப் பிரித்தாள். அச்சிலிருந்து வார்த்த ரப்பர் கை பொருத்திய இயந்திரம் வந்துவிட்டதால் தெருவில் நடக்கும் சோதனை நிறுத்தப்படுகிறது, பதினோரு வருடச் சேவைக்கு நன்றி. தடிப்புக்குக் காரணம், பச்சைப் பாஸையும் மழைச்சட்டையையும் திருப்பிக் கொடுப்பதற்கான படிவங்கள். ரூபினியின் மேசைக்குப் போனாள். அங்கே ஆள் இல்லை. பதவி உயர்வு கிடைத்துவிட்டதாம், ஜப்பானுக்கு விடுமுறையாம். போன் போட்டாள், மணி அடித்து அடித்து நின்றது. மூன்று நாள் போட்டாள். பிறகு விட்டுவிட்டாள். கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லித் திருநாவுக்கரசு ஒரு வாரம் திட்டிக்கொண்டே இருந்தான்.

ஜனவரியிலிருந்து கெலுகோரில், பல்கலைக்கழக மாணவர்கள் சாப்பிட வருகிற ஒரு கடையில் பாத்திரம் கழுவினாள். காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை கை தண்ணீரிலேயே ஊறியது. விரல்கள் வீங்கி, நகக்கண் வெடித்தது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஏப்ரலில் ரூபினி கூப்பிட்டாள்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? பசியாறிட்டீங்களா?" நான்கு மாதமாக ஒன்றுமே நடக்காத மாதிரி. ரப்பர் கையின் சுண்டுவிரல் கிழிந்துவிட்டதாம். முதலில் எடுத்த அச்சும் உடைந்துபோனதாம். இன்னொரு அச்சு எடுக்க வேண்டும், ஒரே நாள் வேலை. "அப்படியே எச்ஆர்கிட்டயும் ஒரு வார்த்த பேசிடுவோம்கா."

திருநாவுக்கரசு போகாதே என்றான். "உனக்குச் சூடு சொரண இல்லையா?" என்று கேட்டான். சந்திரிகா போனாள். வெறும் ஒரு நாள் கூலிக்காகப் போகவில்லை. தன் கை இல்லாமல் அவர்களுக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது அல்லவா, இந்தத் தடவை நேரில் நின்று நீலப் பாஸைக் கேட்டே விடுவது என்று போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

அச்சு எடுப்பதற்கு முன்னால் கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மறுபடி அந்த நீல ஸ்பாஞ்சு அறை. ஒரு மேசையில் கிழிந்த ரப்பர் கை கிடந்தது. மணிக்கட்டில் ஒரு எண் ஒட்டியிருந்தார்கள். சந்திரிகா போனைப் பிடித்தாள். எண் நூற்றுப்பதினேழில் நின்றது. ரூபினியே உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவள் சுண்டுவிரலைப் பிடித்து அழுத்தி வைத்துப் பார்த்தாள். நூற்றுப்பதினெட்டு. ரப்பர் கை காட்டுவது நூற்றிருபத்தொன்று, ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வீங்கிய விரல் மூலையில் சரியாகப் பதியவில்லை.

"உங்க கை ஸ்பெக்குக்கு வரலக்கா" என்றாள் ரூபினி.

"அது என் கையிலேர்ந்து எடுத்ததுதானம்மா?"

"ஆமாக்கா. ஆனா இப்ப அதுதான் ரெஃபரன்ஸ். எல்லா ரிப்போர்ட்டும் அத வச்சுத்தான் போயிருக்கு. பரவால்ல, கிழிஞ்சதையே ஒட்டி அதுலேர்ந்து காப்பி எடுத்துக்கிறோம்."

தன் கையையே தன் கைக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னால் ஒருத்தி எந்தக் கோயிலில் போய் முறையிடுவாள்? சந்திரிகா போனை மேசையில் வைத்தாள். மனப்பாடம் பண்ணிய இங்கிலீஷ் எங்கோ போய்விட்டது.

"ரூபினி, உன்கிட்ட ஒன்னு கேக்குறேன். கதவு மூடியிருக்கு, ஒரு ஈ காக்காக்கும் கேக்காது. அதக் கண்டுபுடிச்சது யாரு?"

ரூபினி தரையைப் பார்த்தாள். "நீங்கதான்க்கா" என்றாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "எனக்குத் தெரியாதா? தினமும் நினைப்பேன்கா. அன்னைக்கு மேடையில உங்க பேரச் சொல்லணும்னுதான் இருந்தேன், எப்படியோ..."

சந்திரிகாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாவி மகள், அந்த ஒரு வார்த்தைக்கே இளகிவிட்டாள். "சரி விடும்மா, அழுவாத. வெளிய போய் உன் பெரியவங்ககிட்ட இத மட்டும் சொல்லு, போதும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்" என்றாள். ரூபினி தலையாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

வெளியே பெரிய மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குக் கேமராவில் அவள் சாப்பிடுவதைப் பார்த்த நால்வரில் ஒருவர். சந்திரிகாவை ஒரு விநாடி பார்த்துவிட்டு, யார் இவர் என்று ரூபினியைக் கேட்டார்.

"கை மாடலுக்கு வரச் சொன்னோம் சார். சரியா வரல, அனுப்பிட்றோம்" என்றாள் ரூபினி இங்கிலீஷில். அவ்வளவு இங்கிலீஷ் சந்திரிகாவுக்கும் தெரியும்.

மேனேஜர் புன்னகைத்து நன்றி சொல்லிவிட்டு நடந்தார். அவர் வளைவில் திரும்பும்வரை சந்திரிகா காத்திருந்தாள். பிறகு, "கதவு தொறக்குறவரைக்கும்கூட உன் வாயில உண்மை தங்கலியே ரூபினி. நீ தின்ன சோத்துக்காவது தங்கியிருக்கலாம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ரூபினி சுற்றுமுற்றும் பார்த்தாள், யாருக்காவது கேட்டுவிட்டதா என்று.

வாசலில் விருந்தினர் பாஸைக் கழற்றிக் காவலரிடம் கொடுத்து, வெளியேறிய நேரத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். பதினொன்று நாற்பது. மத்தியானக் கூட்டம் வருவதற்குள் கடைக்குப் போனால் அரை நாள் சம்பளமாவது மிஞ்சும் என்று கெலுகோர் பஸ்ஸுக்கு ஓடினாள்.